கையைப் படம் பிடிக்கச் சொன்னேன்

நான் பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பால் பொங்கிவிடுமோ என்று பொங்குவதற்கு முன்பே அடுப்பை அணைத்து, பச்சை வாடையோடு காப்பி போடுகிறவள் நான். ஏழரை மணி பஸ்ஸுக்கு ஆறே முக்காலுக்கே போய் நிற்பேன். "உன் அடக்கத்துக்குக்கூட ஒரு மணி நேரம் முன்னாடியே போய் எடம் புடிச்சு உக்காந்திருப்ப" என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். நானும் சேர்ந்து சிரிப்பேன். சிரித்தால் போகிற பயமா அது?

எண்பதுகளின் நடுவில் பசுமலையில் எங்கள் வீட்டு முன்னறையில் பியானோ சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் குடும்பத்திடம் என் அப்பா வாங்கிய பழைய பியானோ. வருடத்துக்கு ஒருமுறை லண்டனிலிருந்து ஒரு பரீட்சைக்காரர் மதுரைக்கு வந்து, ஒவ்வொருவரையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டு, மார்க் போட்டுவிட்டுப் போவார். என்னிடம் வந்தவர்கள் எல்லாம் அந்தப் பரீட்சைக்கென்று வந்த பிள்ளைகள்தான். ஒரே ஒருவர் மட்டும் பெரியவர். அவருக்கு நாற்பத்தொன்று, எனக்கு முப்பது. நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை டீச்சர் என்பார்.

அக்கா பக்கத்து மிஷன் பள்ளியில் நாலாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். ஏழு வருடமாகத் தற்காலிக வேலை. வீட்டுக்காரர் வேலை பார்த்த மில்லை இழுத்து மூடிவிட்டார்கள். மூன்று பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். பள்ளியின் பாட்டு டீச்சர் ஓய்வு பெறப்போகிறார், அந்த இடம் நிரந்தரம், ஆனால் லண்டன் பரீட்சையில் ஐந்தாவது கிரேடு தேறியிருக்க வேண்டும் என்று தெரிந்த நாளிலிருந்து அக்கா என்னிடம் வந்துகொண்டிருந்தார். மூன்றாவது வருடம் தலைமையாசிரியை வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்: "இந்த மே மாசத்தோட பாட்டு டீச்சர் போறாங்க. பாஸ் பண்ணினா அது உங்களுக்கு. இல்லேன்னா ஜூன்ல உங்க கிளாசுக்கும் வேற ஆள் வந்துருவாங்க, நான் ஒண்ணும் செய்ய முடியாது." பரீட்சை மார்ச்சில். அதாவது இன்னும் ஒரே ஒரு தடவை.

ஏனென்றால் அதற்கு முன் இரண்டு தடவை அக்கா தவறியிருந்தார். அவருக்குச் சங்கீதம் வராது என்று யாரும் வாய் கூசாமல் சொல்ல முடியாது. உசிலம்பட்டிப் பக்கம் அவர்கள் ஊர் சர்ச்சில் பாவாடை கட்டிய வயதிலேயே ஆர்மோனியம் வாசித்தவர். காதில் விழுந்ததைக் கையில் கொண்டுவந்துவிடுவார். இருந்தும் இரண்டு வருட மார்க் காகிதத்திலும் ஏறக்குறைய ஒரே குறிப்பு: கடினமான இடங்களுக்கு முன்னால் தயங்கி நிற்கிறார்.

ஒரு நொடிதான். இடது கை தூரத்துக் கட்டைக்குத் தாவ வேண்டிய இடம் வந்தால், தாவுவதற்கு முன் ஒரு நொடி நின்றுவிடுவார். நின்றுவிட்டுத் தாவினால் கை தவறும். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

"நிக்காதீங்கக்கா!"

"நிக்கலையே டீச்சர்."

"இப்பதானே நின்னீங்க."

"அப்படியா? எனக்குத் தெரியலையே."

தினமும் இதே பேச்சு. எனக்கும் சுருக்கென்று கோபம் வரும். "உங்க கைய பத்தி உங்களுக்கே தெரியலேன்னா வேற யாருக்குத் தெரியும்?" என்று ஒருநாள் வெடித்தேன். அக்கா கையை மடியில் வைத்துக்கொண்டு, "என் மண்டைல களிமண்ணு டீச்சர். வீட்லயும் அதான் சொல்றாக" என்றார். 'அப்படியெல்லாம் இல்லக்கா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடுத்த பாட்டை எடுக்கச் சொன்னேன்.

அந்த ஜனவரியில் பக்கத்து வீட்டு டிவியில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அதில் ஆனா ஆவன்னா தெரியாது. யாரோ அவுட் ஆனார். உடனே அதே பந்தை மறுபடி மெதுவாகக் காட்டினார்கள். "பாத்தியா, காலை நகத்தவே இல்ல" என்றார் என் வீட்டுக்காரர். எனக்கு மண்டையில் மணி அடித்தது. அக்காவின் கையை இப்படி மெதுவாகப் போட்டுக் காட்டினால் எங்கே நிற்கிறது என்று அவருக்கே தெரிந்துவிடுமே!

பழங்காநத்தத்தில் கல்யாண வீடியோ எடுக்கிறவர் ஒருவர் கடை வைத்திருந்தார். என் தம்பி கல்யாணத்தை எடுத்தவர். போய்க் கேட்டேன். பியானோ வாசிப்பதைப் படம் எடுக்க வேண்டும் என்றதும், "யாருக்கு விசேசம் டீச்சர்?" என்றார். விசேஷமும் இல்லை, ஒன்றும் இல்லை, கையை எடுத்தால் போதும் என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் ஒரு சனிக்கிழமை மத்தியானம் வந்துவிட்டார். தோளில் காமிரா, இடுப்பில் ஒரு பெட்டி, இரண்டுக்கும் நடுவே ஒயர், கையில் கண்ணைக் குருடாக்குகிற லைட்டு.

வந்ததும் சுவர்களைப் பார்த்தார். "சாமி படம் எங்க டீச்சர்?"

"எதுக்குண்ணே?"

"முதல்ல சாமியக் காட்டிட்டுத்தான ஆரம்பிக்கணும்."

"நாங்க வேதக்காரங்கண்ணே. படம் வைக்கிறதில்ல."

மனிதர் விடவில்லை. வேத வசனம் போட்ட காலண்டரைக் கண்டுபிடித்து அதை ஒரு நிமிடம் எடுத்தார். பிறகு பியானோ மேலிருந்த பிளாஸ்டிக் ரோஜாக்களை எடுத்தார். எனக்குப் பொறுமை போனது. "அண்ணே, கை. கை மட்டும்தான் வேணும்." "கைதான டீச்சர், எடுத்துருவோம்" என்றார். அக்கா வேறு பட்டுப்புடவை கட்டி, மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு வந்திருந்தார். "படம் புடிக்கிறாகல்ல" என்று வெட்கப்பட்டார்.

பரீட்சையில் வாசிக்க வேண்டிய மூன்று பாட்டில், இடது கை தாவும் கடைசிப் பாட்டை அக்கா நான்கு தடவை வாசித்தார். நான் எப்போதும் போல அவருக்கு வலது பக்கம், கையெட்டும் தூரத்தில், என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது தடவையின்போது பார்த்தால் காமிரா என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது! கையை ஆட்டினேன். அவர் அசையவில்லை. முடிந்ததும் சத்தம் போட்டேன்.

"கையவே காட்டிக்கிட்டிருந்தா பாக்குறவுக தூங்கிருவாக டீச்சர்" என்றார் அவர் நிதானமாக. "வந்தவுக முகமும் விழணும். ஒரு கல்யாணத்துல பொண்ணோட பெரியப்பா முகம் விழலைன்னு கேசட்ட வாங்க மாட்டோம்னுட்டாக, தெரியுமா?"

"இங்க வந்தவுக யாருண்ணே? நாங்க ரெண்டே பேருதான்."

"ரெண்டு பேரையும் எடுத்துட்டேன்ல" என்று திருப்தியாகச் சொல்லிவிட்டு ஒயரைச் சுருட்டினார்.

திங்கட்கிழமை காலையில் நான் தனியாகக் கடைக்குப் போனேன். அக்காவுக்குப் பள்ளிக்கூடம். நான் முதலில் பார்த்து, எந்தெந்த இடம் என்று குறித்துக்கொண்டு, பிறகு அவரை அழைத்துவருவதாக ஏற்பாடு. நோட்டும் பென்சிலுமாகக் கடை டிவி முன்னால் உட்கார்ந்தேன். காலண்டர் வந்தது. ரோஜா வந்தது. அக்காவின் கை வந்தது. தாவும் இடத்துக்கு முன்னால் கை நின்றது, நான் சொன்ன மாதிரியே. எனக்கு ஒரே சந்தோஷம். இனி அக்கா மறுக்க முடியாது.

பிறகு மூன்றாவது தடவை வந்தது. திரையில் எங்கள் இருவரின் முகமும், கீழே அக்காவின் கையும்.

அக்கா நன்றாகத்தான் வாசித்துக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். தாவும் இடம் வருவதற்கு முன்பே அவள் முகம் சுருங்குகிறது. புருவம் நெரிகிறது. கீழுதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு, மூச்சை உள்ளே இழுத்து, தோளைத் தூக்கிக்கொண்டு, ஏதோ லாரி தன்மேல் ஏற வருவதைப் பார்ப்பவள் போல் இருக்கிறாள். அக்காவின் கண் சட்டென்று அவள் பக்கம் போகிறது. கை நிற்கிறது. பிறகு தாவுகிறது. தவறுகிறது.

"திருப்பிப் போடுங்கண்ணே" என்றேன். போட்டார். மறுபடி போடச் சொன்னேன். அடுத்த கடினமான இடத்திலும் அதே கதை. முதலில் என் முகம், பிறகு அக்காவின் கண், பிறகு தப்பு. ஒரு தடவைகூட வரிசை மாறவில்லை.

வீடியோக்காரருக்குச் சங்கீதம் தெரியாது. அவர் என் பின்னால் நின்றுகொண்டு சாதாரணமாகக் கேட்டார்: "ஏன் டீச்சர், அந்தக்கா தப்பு பண்ணுறதுக்கு முன்னாடியே நீங்க அழுவுறீக?"

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள், என் மூஞ்சியே எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. பரீட்சை அறையில் நான் இல்லைதான். ஆனால் மூன்று வருடமாக அந்த இடம் வந்தால் நின்று பக்கத்தில் பார்க்கும்படி நான்தானே பழக்கியிருக்கிறேன்? அங்கே போயும் நின்றிருக்கிறார், பார்ப்பதற்கு யாரும் இல்லாமல். அதோடு நின்றதா என் பயம்? பத்து வருடத்தில் எத்தனை அம்மாக்களிடம், 'உங்க பிள்ளைக்கு இது வராதுங்க, படிப்புல கவனமா இருக்கட்டும்' என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன் என்று பஸ்ஸில் உட்கார்ந்து எண்ண ஆரம்பித்தேன். ஏழாவது பிள்ளையோடு நிறுத்திக்கொண்டேன். அதற்கு மேல் எண்ணத் தைரியமில்லை.

அன்று சாயங்காலம் அக்கா ஆவலாக வந்தார். "கேசட்டு பாத்தீகளா டீச்சர்? கை எங்க நிக்குது?"

"சரியா விழலக்கா. லைட்டு பத்தல போலிருக்கு" என்றேன்.

பொய் அவ்வளவு சுலபமாக வந்தது. உண்மையைச் சொன்னால் அக்கா என்னைவிட்டுப் போய்விடுவார், பரீட்சைக்கு ஆறு வாரம் இருக்கும்போது நடுத்தெருவில் நிற்பார் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். நிஜக் காரணம் அதுவல்ல. எனக்கு வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். தலைவலி என்று சொல்லி நாற்காலியை வெளியே வராந்தாவில் போட்டுக்கொண்டேன். "நீங்க வாசிங்க, இங்கேயே நல்லா கேக்குது."

நான் பக்கத்தில் இல்லாவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். எங்கே! முதல் நாள் அக்கா வழக்கமான இடத்தில் நின்றார். ஒரு நொடி இரண்டு நொடியானது. அடுத்த நாள் அந்த இடத்தோடு இன்னும் நான்கு இடங்களில் நின்றார். அறைக்குள் ஸ்டூல் நகரும் சத்தம்கூடக் கேட்டது, திரும்பி வாசலைப் பார்க்கிறார். நான் வராந்தாவில் முந்தானையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு வாரம் இப்படியே போயிற்று. என் தலைவலியும் தீரவில்லை, அக்காவின் பாட்டும் தேறவில்லை.

அடுத்த திங்கட்கிழமை பாட்டு பாதியில் நின்றது. பியானோவை மூடும் சத்தம் கேட்டது. அக்கா வராந்தாவுக்கு வந்து என் முன்னால் நின்றார்.

"டீச்சர், ஒண்ணு கேக்குறேன், மறைக்காம சொல்லுங்க. நான் தேற மாட்டேன்னு முடிவு பண்ணிட்டீகளா?"

"ஐயோ, இல்லக்கா."

"பெறகு என்ன? பக்கத்துல உக்காரக்கூட மனசு வரல உங்களுக்கு. அந்தக் கேசட்ல நான் அம்புட்டு மோசமாவா இருந்தேன்?" என் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். "சொல்லிருங்க டீச்சர். ஜூன்ல இருந்து வேற வேலைக்கு இப்பவே சொல்லி வைக்கணும் நான். மூணு புள்ளைகள வச்சுக்கிட்டு ஆசையில உக்காந்திருக்க முடியாது."

இதற்கு மேல் என்ன பொய் சொல்ல? "கிளம்புங்கக்கா, காட்டுறேன்" என்றேன்.

பழங்காநத்தம் பஸ்ஸில் ஆளுக்கொரு ஜன்னலோரம் உட்கார்ந்தோம். வீடியோக்காரர் என் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் கேசட்டைப் போட்டார். மூன்றாவது தடவை வந்ததும் நான் திரையைப் பார்க்கவில்லை, அக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா முதலில் புன்னகையோடு பார்த்தார், தன் பட்டுப்புடவையை. பிறகு புன்னகை போயிற்று. "திருப்பிப் போடுங்க தம்பி" என்றார். இரண்டாவது முறையும் பார்த்தார். வீடியோக்காரர், "டீ சொல்லிட்டு வாரேன்" என்று வெளியே நழுவினார்.

"இது எம்புட்டு நாளா டீச்சர்?"

"தெரியலக்கா. மொதல்லருந்தே இருக்கும்."

"ரெண்டு வருசம் பெயிலானேன்."

"ஆமாக்கா."

"என் மண்டைல களிமண்ணுன்னு நான் சொன்னப்ப, நீங்க ஒரு வார்த்தை இல்லைன்னு சொல்லல."

நான் கைநீட்டி டிவியை அணைத்தேன்.

"லைட்டு பத்தலைன்னதும் பொய்யா?"

"பொய்தான்க்கா."

அக்கா கத்தியிருந்தால் தேவலை. நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருந்தாலும் தாங்கியிருப்பேன். எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டு, "நீங்க முன்னாடி போங்க, நான் அடுத்த பஸ்ஸுல வாரேன்" என்று மட்டும் சொன்னார். அடுத்த இரண்டு நாள் அக்கா வரவில்லை. ஐந்து மணியானால் நான் வாசலுக்கும் பியானோவுக்கும் நடந்தேன். என் வீட்டுக்காரர், "நீயே போய்க் கூப்பிடேன்" என்றார். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு போவது?

மூன்றாம் நாள் அக்கா வந்தார். கையில் ஒரு பழைய சுங்குடிப் புடவையும் கொஞ்சம் கயிறும் இருந்தன. என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஸ்டூலில் ஏறி, ஜன்னல் கம்பிக்கும் கதவுக் கொக்கிக்கும் கயிற்றை இழுத்துக் கட்டி, பியானோவுக்கும் என் நாற்காலிக்கும் நடுவில் புடவையைத் தொங்கவிட்டார்.

"நீங்க அந்தப் பக்கம் உக்காருங்க டீச்சர்" என்றார். "உங்க காது எனக்கு வேணும். மூஞ்சி வேணாம்."

அவமானமாக இருந்தது என்று சொன்னால் அது பாதி உண்மை. மீதிப் பாதி, அப்பாடா என்றிருந்தது. புடவைக்கு இந்தப் பக்கம் நான் என் முகத்தை எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். வாயைப் பொத்திக்கொண்டேன், கண்ணை மூடிக்கொண்டேன், தலையில்கூட அடித்துக்கொண்டேன். ஆனால் அந்த இடம் வரும்போது மூச்சுச் சத்தம்கூட அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொண்டேன். முதல் நான்கைந்து நாள் அக்கா பழக்கத்தில் திரும்பத்தான் செய்தார். புடவையைத்தான் பார்த்தார். புடவை என்ன முகம் சுளிக்கவா போகிறது? பிறகு திரும்புவது குறைந்தது. ஒருநாள் இடது கை நிற்காமல் போய் நேராகக் கட்டையில் விழுந்தது.

"டீச்சர்" என்றார் அக்கா, அந்தப் பக்கத்திலிருந்து. "இப்ப மூஞ்சி எப்படி இருக்கு?"

"கேவலமா இருக்குக்கா."

"இருக்கட்டும், இருக்கட்டும்" என்று சிரித்தார். கடையிலிருந்து வந்த பிறகு அவர் சிரித்தது அன்றைக்குத்தான்.

பரீட்சை முடிவு என்ன என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். உங்களையும் என்னைப்போலத் தவிக்கவிட மனமில்லை. அக்கா பாஸ். தபால் வர மே மாதம் பிறந்துவிட்டது. ஜூனில் அவர் பள்ளியின் பாட்டு டீச்சர் ஆகி, ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார். ஆனால் பரீட்சையன்று எங்களுக்கு அது தெரியாதே.

பரீட்சை டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. "வாங்க, ஆனா கேட்டுக்கு உள்ள வரக் கூடாது" என்று அக்கா கறாராகச் சொல்லியிருந்தார். எதிர்ப்பக்கம் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். அங்கிருந்து பியானோ கேட்காது. மார்ச் வெயில், பஸ் ஹாரன், டீக்கடை ரேடியோ. வாட்சைப் பார்ப்பதும் கேட்டைப் பார்ப்பதுமாக இருந்தேன். ஜெபம்கூட உருப்படியாக வரவில்லை, பாதியில் அந்த இடது கை தாவும் இடம் வந்து குறுக்கே நின்றது. அரை மணி நேரம் கழித்து அக்கா கேட்டைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, நிதானமாக வந்தார். நான் அவர் முகத்தையே பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

"என்னக்கா?"

"ஒரு டீ சொல்லுங்க."

டீ வந்தது. ஊதி ஊதிக் குடித்தார். பாதி டம்ளர் ஆனதும், "மூணாவது பாட்டுல ஒரு தப்பு விட்டுட்டேன் டீச்சர்" என்றார்.

கெட்டது குடி என்று நினைத்தேன். "அந்த எடத்துலயா?"

"அங்கயா? அங்கலாம் நிக்கவே இல்ல. போயிக்கிட்டே இருந்தேன். இது கடைசி வரில. ஒண்ணுமில்லாத எடம், பச்சப்புள்ள வாசிக்கும். அம்புட்டையும் தாண்டிட்டோம்ங்கிற குஷியில கை நழுவிருச்சு."

"ஐயோ, நான்தான்க்கா... இந்த மூணு வருசத்துல நான் ஏதாவது..."

அக்கா டம்ளரைப் பெஞ்சில் டக்கென்று வைத்தார்.

"அது என் தப்பு டீச்சர்" என்றார், பரிசு வாங்கியவர் போலத் தலையை நிமிர்த்திக்கொண்டு. "உங்களுக்கு அதுல பங்கே கெடையாது."